தாடை எலும்பும் தலைவிதியும்

மருந்து என்னும் சொல்லுக்குத் தமிழ் வழங்கும் இடமெல்லாம் ஒரு பொருள் உண்டு. சிவகாசி வட்டாரத்தில் மட்டும் அதற்கு மற்றொரு பொருளும் உண்டு. "மருந்துக் கலவையில் வேலை பார்க்கிறேன்" என்றோ, "மருந்து செலுத்துகிற அறையில் இருக்கிறேன்" என்றோ அங்கே ஒருவர் சொன்னால், அவர் மருத்துவமனையில் பணிபுரிகிறார் என்று எண்ணிவிடலாகாது. பிணி தீர்ப்பதற்குப் பெயரான சொல் அங்கே வெடிப்பதற்குப் பெயராகிவிட்டது. உயிர் காப்பதும் உயிர் குடிப்பதும் ஒரே சொல்லில் குடியிருக்கின்ற சீமை அது.

அந்தச் சீமையைப் பற்றி நாம் செய்தித்தாளில் படிப்பன எல்லாம் விபத்துச் செய்திகளே. 2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 உயிர்கள் ஒரே பகலில் கருகின. 2021 பிப்ரவரி 12ஆம் நாள் சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நாடு திடுக்கிட்டது, இரங்கல் வந்தது, நிவாரணத் தொகை அறிவிக்கப்பட்டது, விசாரணை தொடங்கியது. பிறகு, அடுத்த வெடியோசை கேட்கும் வரையில் அமைதி.

வெடித்துக் கொல்லும் மருந்தைப் பற்றி எழுத நான் இங்கே முனையவில்லை. அதைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். வெடிக்காமல் கொல்லும் மருந்தைப் பற்றியே எழுதப் புகுகின்றேன். ஓசையின்றி மூச்சில் புகுந்து, எலும்பில் தங்கி, ஈரலில் இறங்கி, இருபது ஆண்டு கழித்து ஒரு மனிதனை அவன் வீட்டுத் திண்ணையில் வைத்து முடிக்கின்ற நோய்களைப் பற்றி எழுதுகின்றேன். அவற்றுக்கு நாம் இட்டிருக்கும் பெயர் "அரிய நோய்". ஆயிரத்தில் ஒருவருக்கு வருவது. ஆகவே அதைப் பற்றி அலட்டிக்கொள்ள வேண்டியதில்லை என்பது அதன் பொருள். இந்த "அரிய" என்னும் அடைமொழியை யார் கொடுத்தார்கள்? எந்தக் கணக்கைப் பார்த்துக் கொடுத்தார்கள்? அதுவே என் கேள்வி.

முதலில் ஒரு பழைய கதை.

தீக்குச்சி பிறந்து நெடுங்காலம் ஆகவில்லை. 1830களில் ஐரோப்பாவில் வெள்ளைப் பாஸ்பரஸைக் கொண்டு, எங்கே உரசினாலும் பற்றிக்கொள்ளும் தீக்குச்சியைச் செய்யத் தொடங்கினார்கள். உலகம் அதைக் கொண்டாடியது. சிக்கிமுக்கிக் கல்லுக்கு விடை கொடுத்தது. ஆனால் அந்தக் குச்சிகளை மருந்தில் தோய்த்த பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் சில ஆண்டுகளில் பல்வலி கண்டது. பல்லைப் பிடுங்கினார்கள், குழி ஆறவில்லை. ஈறு வீங்கிச் சீழ் வடிந்தது. பிறகு தாடை எலும்பே செத்துத் துண்டு துண்டாக வெளிவரத் தொடங்கியது. அருகில் நிற்க முடியாத நாற்றம். பெற்ற தாயும் தள்ளி அமர்ந்தாள். உயிர் பிழைக்க வேண்டுமானால் தாடையை அறுத்தெடுக்க வேண்டும்; எடுத்தபின் பிழைத்தவரும் வாழ்நாள் முழுவதும் கஞ்சி குடித்தே வாழ வேண்டும்.

இந்நோயை 1845ஆம் ஆண்டு வியன்னா நகரத்து மருத்துவர் லோரின்சர் கண்டு உலகுக்கு அறிவித்தார். வியப்பு என்னவெனில், ஏறத்தாழ அதே ஆண்டுகளில், அதே வியன்னா நகரில், ஷ்ரோட்டர் என்னும் வேதியியல் அறிஞர் சிவப்புப் பாஸ்பரஸைக் கண்டுபிடித்தார். அது ஆவியாகி மூச்சில் புகுவதில்லை, எலும்பைத் தின்பதுமில்லை. அதைக் குச்சியில் வைக்காமல் பெட்டியின் பக்கவாட்டில் பூசி, பாதுகாப்புத் தீப்பெட்டியை 1850களிலேயே சுவீடன் நாட்டார் செய்து விற்றார்கள். நோயும் அதற்கு மாற்றும் ஒரே ஊரில், ஒரே காலத்தில், கை நீட்டினால் எட்டும் தொலைவில் இருந்தன.

அப்படியானால் நோய் உடனே ஒழிந்திருக்க வேண்டுமல்லவா? ஒழியவில்லை. இன்னும் அறுபது ஆண்டுகள் தாடைகள் அழுகின. ஏன்? வெள்ளைப் பாஸ்பரஸ் மலிவு. எங்கே உரசினாலும் எரிகிறதே என்று வாங்குபவருக்கும் அது பிடித்திருந்தது. "இந்நோய் எங்கோ ஒருவருக்கு வருவது, பல்லைத் துலக்காதவருக்கு வருவது, இதற்காகத் தொழிலைக் கெடுப்பதா?" என்று முதலாளிகள் கேட்டார்கள். இந்தக் குரல் எங்கேயோ கேட்ட குரல் போல் இல்லையா? சற்றுப் பொறுங்கள், அதற்கு வருகிறேன்.

1888ஆம் ஆண்டு ஜூன் மாதம் இலண்டனில் ஒரு பெண்மணி, பிரையண்ட் அண்டு மே என்னும் தீப்பெட்டிக் கம்பெனியின் பெண் தொழிலாளர் படும் பாட்டைப் பத்திரிகையில் எழுதினார். அடுத்த மாதமே ஏறத்தாழ 1,400 பெண்களும் சிறுமியரும் வேலையை விட்டு வெளியேறினர். எழுதிய அந்தப் பெண்மணி யார் தெரியுமா? பிற்காலத்தில் சென்னை அடையாற்றில் குடியேறி, 1917இல் காங்கிரசுக்குத் தலைமை தாங்கி, 1933இல் அங்கேயே மறைந்த அன்னி பெசன்ட் அம்மையாரே அவர். பெசன்ட் நகர் என்று நாளும் சொல்லுகின்ற நமக்கு, அந்தப் பெயரோடு தீப்பெட்டிப் பெண்களின் கண்ணீரும் கலந்திருப்பது தெரிவதில்லை.

வேலைநிறுத்தம் வென்றது, அபராதங்கள் நீங்கின. எனினும் அதே மருந்து தொடர்ந்தது, நோயும் தொடர்ந்தது. அதைக் கடைசியில் அடக்கியது எது? ஒரு பதிவேடு. 1895ஆம் ஆண்டு ஆங்கில நாட்டுத் தொழிற்சாலைச் சட்டம் நான்கு தீங்குகளைப் பெயர் சொல்லிக் குறித்தது: ஈய நச்சு, பாஸ்பரஸ் நச்சு, ஆர்சனிக் நச்சு, அடைப்பான். இந்நான்கில் எதைக் கண்டாலும் அரசுக்கு அறிவித்தே தீர வேண்டும் என்று மருத்துவருக்கும் முதலாளிக்கும் கட்டளையிட்டது. மூன்று ஆண்டு சென்றதும், 1898இல், அதே கம்பெனி 17 தாடை நோயாளிகளை மறைத்து வைத்தது வெளிப்பட்டு நீதிமன்றத்தில் தண்டம் கட்டியது. தண்டத் தொகை 25 பவுனும் சில ஷில்லிங்கும்தான். ஆனால் அன்றுவரை "அரிய நோய்" என்று சொல்லப்பட்டது, அன்று "மறைக்கப்பட்ட நோய்" ஆயிற்று. 1901இல் அக்கம்பெனி வெள்ளைப் பாஸ்பரஸைக் கைவிட்டது. 1906இல் பெர்ன் நகரில் நாடுகள் கூடி, வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சியைச் செய்வதில்லை, விற்பதில்லை என்று உடன்படிக்கை செய்தன. 1908இல் பிரிட்டன் தடைச்சட்டம் இயற்றியது. 1913இல் இந்தியாவுக்கும் அச்சட்டம் வந்தது.

இப்போது சிவகாசிக்கு வருவோம். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தாவுக்குப் புறப்பட்டது 1922இல். அவர்கள் திரும்பி வந்து வானம் பார்த்த அக்கரிசல் பூமியில் தொழிலைத் தொடங்கியது 1923இல். அதாவது தடைச்சட்டம் வந்து பத்தாண்டு கழித்து! சிவகாசியில் ஒரு குச்சி தோய்க்கப்படும் முன்னரே அந்த நஞ்சு நாட்டினின்று விலக்கப்பட்டிருந்தது. நூறு ஆண்டுகளாக அந்தச் சீமையில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்வந்த இலட்சக்கணக்கான தாய்மாரும் சிறுமியரும், தாம் எந்தப் படுகுழியிலிருந்து தப்பினோம் என்பதை அறியாமலே தப்பினார்கள். வறுமை அவர்களைத் தின்றது. தீ அவர்களைத் தின்றது. ஆனால் தாடையை நோய் தின்னவில்லை. அவர்கள் பாட்டி பிறக்கும் முன்பே வேறொரு நாட்டில் எவரோ எண்ணிய எண்ணிக்கை அவர்களைக் காத்தது.

ஆகவே வாசகர்களே, தாடை நோய் இன்று உலகில் அரிதாயிருக்கிறதென்றால், அது இயற்கையாக அரிதாகவில்லை, அரிதாக்கப்பட்டது. ஒரு நோய் இரண்டு வழிகளில் அரிதாகலாம். சட்டம் அதன் வேரை அறுத்து அரிதாக்கலாம். அல்லது, அதை எவரும் எழுதி வைக்காமையால் ஏட்டில் மட்டும் அரிதாகலாம். முன்னது வெற்றி, பின்னது ஏமாற்று. நம் நாட்டுத் தொழில் நோய்கள் பல இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை என்பதே என் குற்றச்சாட்டு.

சிவகாசியிலிருந்து மாலைப் பேருந்தில் ஏறிப் பாருங்கள். வெள்ளி முலாம் பூசினாற் போன்ற கைகளும் கழுத்தும் உடையவர்கள் ஏறுவார்கள். கழுவியும் போகாத மினுக்கம் அது. பட்டாசுக்குப் பளீரென்ற வெளிச்சம் தருவதற்காகச் சேர்க்கும் அலுமினியத் தூள். தோலில் ஒட்டியதைச் சோப்புப் போட்டுக் கழுவலாம். மூச்சோடு உள்ளே போனதை எதைக் கொண்டு கழுவுவது? மிக நுண்ணிய அலுமினியத் தூளை ஆண்டுக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரலில் தழும்பு ஏறி அது இறுகிப்போகக்கூடும். சிலருக்கு நுரையீரலைச் சுற்றிக் காற்றுப் புகுந்து அது சுருங்கியும் விடும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், ஜெர்மனியில் வெடிபொருளுக்காக இத்தூளைச் செய்த தொழிலாளரிடம் மருத்துவர்கள் இந்நோயைக் கண்டு எழுதினார்கள். அந்நாட்டின் தொழில்நோய்ப் பட்டியலில் அதற்கு இடமும் கிடைத்தது. தூளைத் தொட்டவர் எல்லாருக்கும் அது வருவதில்லை. உண்மையிலேயே அது அரிய நோய்தான். ஆனால் இந்நாட்டுப் பட்டாசில் மிகப் பெரும் பகுதியைச் செய்கின்ற ஒரு வட்டாரத்தில் அது எத்தனை அரிது என்று சொல்ல வேண்டுமானால், முதலில் தேட வேண்டுமல்லவா?

அவ்வூர்ப் பக்கத்தில் எனக்கு அறிமுகமான முதியவர் ஒருவர் இருந்தார். இளமை முதல் மருந்துக் கலவையில் நின்றவர். கடைசி ஆண்டுகளில் நான்கு படி ஏறினால் மூச்சு வாங்கும். காச நோய் என்று மாத்திரை கொடுத்தார்கள். ஆஸ்துமா என்று கொடுத்தார்கள். குளிர் காற்று என்றும் சொன்னார்கள். அவருடைய மருத்துவச் சீட்டுகளை ஒருநாள் எடுத்துப் புரட்டினேன். வயது இருந்தது, எடை இருந்தது, இரத்த அழுத்தம் இருந்தது. அவர் என்ன தொழில் செய்தார் என்ற ஒரு சொல் எந்தச் சீட்டிலும் இல்லை. அவருக்கு இருந்தது எந்த நோய் என்று எனக்குத் தெரியாது. கேட்க வேண்டியவர்கள் கேளாததால் இனி எவருக்கும் தெரியப்போவதில்லை. அதுவே என் நெஞ்சைச் சுடுகிறது.

நோயாளியிடம் கேட்க வேண்டிய கேள்விகள் பலவற்றைக் கிரேக்க மருத்துவ முதல்வர் ஹிப்பாகிரட்டஸ் வகுத்தார். அவற்றோடு இன்னும் ஒரு கேள்வி சேர்க்கப்பட வேண்டும் என்று 1700ஆம் ஆண்டிலேயே இத்தாலிய மருத்துவர் ரமஸ்ஸினி எழுதினார். "நீ என்ன தொழில் செய்கிறாய்?" என்பதே அக்கேள்வி. முந்நூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. நம் ஊர் மருத்துவச் சீட்டில் அக்கேள்விக்கு இன்னும் ஓர் அங்குல இடம் கிடைக்கவில்லை.

அலுமினியம் மட்டுமா? பச்சை ஒளிக்காகப் பேரியம் உப்பைச் சேர்க்கிறார்கள். எக்ஸ்ரே எடுக்கும்போது குடிக்கக் கொடுக்கும் பேரியம் நீரில் கரையாதது, அதனால் தீங்கில்லை. பட்டாசில் சேரும் பேரியம் நைட்ரேட்டோ நீரில் கரைவது. வயிற்றில் சென்றால் இரத்தத்திலுள்ள பொட்டாசியத்தை உயிரணுக்களுக்குள் தள்ளிவிட்டுக் கை கால்களைச் செயலிழக்கச் செய்வது. மூச்சையும் இதயத்தையும் நிறுத்தவல்லது. சீனத்தின் செச்சுவான் பகுதியில் இப்படித் திடீரென்று கை கால் விழுந்துபோகும் மர்ம நோய் ஒன்று இருந்தது. கடைசியில் பார்த்தால், உண்ணும் உப்பில் பேரியம் கலந்திருந்தது! இங்கே உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23ஆம் நாள் தீர்ப்பில் பேரியம் உப்புகளைப் பட்டாசில் சேர்க்கக் கூடாது என்றது. 2021இல் அதை மீண்டும் வலியுறுத்தியது. தில்லியின் காற்றைக் காக்க வந்த தீர்ப்பு அது, மிக நன்று. ஆனால் தில்லிக்காரன் ஆண்டில் சில நாள் சுவாசிப்பதை, ஆண்டு முழுவதும் கையால் அள்ளுகிறவன் ஒருவன் இருக்கிறானே, அவனுடைய மூச்சைக் காக்க வழக்குத் தொடுப்பவர் யார்?

ஒழிந்ததென்று நினைத்த பாஸ்பரஸும் முழுவதும் ஒழியவில்லை. தீப்பெட்டியிலிருந்து துரத்தப்பட்ட அந்த நஞ்சு, மஞ்சள் பாஸ்பரஸ் என்ற பெயரோடு எலிப்பசையாகிப் பெட்டிக்கடைக்கு வந்தது. எலிக்கு வைத்ததைக் குழந்தை விரலால் தொட்டு வாயில் வைத்தது. நாயும் பூனையும் கோழியும் தின்றன. இந்நஞ்சின் வஞ்சகம் கேளுங்கள். முதல் நாள் வாந்தியும் வயிற்றுவலியும். அடுத்த ஓரிரு நாள் ஒன்றுமே இல்லாதது போல் நலம். பிறகுதான் கண் மஞ்சளாகி ஈரல் செத்துப்போகும். முறிமருந்து கிடையாது. ஆகவே "பிள்ளை நன்றாகத்தானே விளையாடுகிறது" என்று எந்தத் தாயும் இரண்டாம் நாள் ஏமாந்துவிடக் கூடாது. அந்த நேரமே பெரிய மருத்துவமனைக்கு ஓட வேண்டிய நேரம். தமிழகத்து மருத்துவர்கள் ஈரல் செத்து வந்தவர்களை எண்ணினார்கள்; எழுதினார்கள்; முறையிட்டார்கள். அதன் பின்னரே தமிழ்நாட்டு அரசு இப்பசைக்குத் தடை விதித்தது. இங்கேயும் எண்ணிக்கையே வென்றது என்பதைக் கவனியுங்கள். தடைக்குப் பின்னும் பழைய குழாய் எதுவும் வீட்டு மூலையில் கிடக்கிறதா என்று இன்றே தேடிப் பார்ப்பது நம் கடமை.

இனி, விலங்கோடு மனிதனை ஒப்பிட்டு ஒரு கணக்கைப் பார்ப்போம். 1895ஆம் ஆண்டுச் சட்டத்தில் பாஸ்பரஸோடு அடைப்பானும் இருந்ததென்றேன். ஆட்டுக்கும் மாட்டுக்கும் வந்து, தோல், கம்பளி வழியாக மனிதனுக்கும் தாவும் கொடிய நோய் அது. தோல் வாணிகத்தில் தலைமுறைகளைக் கழித்த நம் சமுதாயத்தார்க்கு அதைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. நம் ராணிப்பேட்டையில் 1932 முதல் இயங்கும் கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் அதற்குத் தடுப்பூசி செய்து தருகிறது. இன்று ஓர் ஆடு அடைப்பானால் செத்ததென்று ஐயம் எழுந்தால், அதை அறுக்கக் கூடாது. தோலை உரிக்கக் கூடாது. கால்நடை மருத்துவருக்குச் சொல்ல வேண்டும். ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பிட்டுப் புதைக்க வேண்டும். உடையவன் அதை அறிவித்தே ஆக வேண்டும் என்று 2009ஆம் ஆண்டின் நடுவண் அரசுச் சட்டம் சொல்கிறது. சரியான சட்டம், வரவேற்போம்.

ஆட்டின் சாவுக்குக் காரணம் கேட்கிறோம். ஆட்டைக் காட்டிலும் தாழ்ந்தவனா அந்த வெள்ளி முலாம் மனிதன்? அவனுக்கும் சட்டம் இல்லாமல் இல்லை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் ஒரு நோய்ப் பட்டியலைத் தந்தது. பாஸ்பரஸ் நச்சும் அடைப்பானும் கல்தூசி நோயும் அதில் இருந்தன. கண்டறியும் மருத்துவர் அரசுக்கு அறிவிக்க வேண்டும் என்றும் இருந்தது. 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய தொழிற்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் அந்தக் கடமை தொடர்கிறது. ஆனால் 1948ஆம் ஆண்டுப் பட்டியலில் அலுமினியத் தூள் பெயர் பெற்று இடம் பெறவில்லை. பெயர் இருந்தாலுந்தான் என்ன? தொழில் என்ன என்று கேளாத மருத்துவர், எந்தத் தொழில் நோயை யாருக்கு அறிவிப்பார்?

இதற்கு எதிராக மூன்று வாதங்கள் எழும் என்பதை அறிவேன்.

"தொழிலை ஒழிக்கப் பார்க்கிறீர்கள், இலட்சம் பேர் வயிற்றில் அடிக்கிறீர்கள்" என்பது முதல் வாதம். வெள்ளைப் பாஸ்பரஸை விலக்கியதால் தீப்பெட்டித் தொழில் ஒழிந்ததா? ஒழிந்திருந்தால் சிவகாசி ஏது? "குழந்தை விரல்தான் குச்சி அடுக்க ஏற்றது, பிள்ளைகளை நிறுத்தினால் தொழில் படுத்துவிடும்" என்றும் ஒரு காலத்தில் சொன்னார்கள். 1996 டிசம்பர் 10ஆம் நாள் சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆபத்தான தொழிலில் வைக்கப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று அது சொன்னது. தொழில் படுத்துவிடவில்லை, நின்றது. முகமூடியும், தூசி உறிஞ்சும் அமைப்பும், ஆண்டுக்கொரு நுரையீரல் சோதனையும் எந்தத் தொழிலையும் கொன்றதில்லை. தொழிலாளி சாகாமல் காத்ததுண்டு.

"அது அரிய நோய்" என்பது இரண்டாம் வாதம். அதற்கு விடை சொல்லிவிட்டேன். எண்ணாதவருக்கு அரிது என்று சொல்ல உரிமையில்லை.

மூன்றாம் வாதம் நம் வீட்டுக்குள்ளிருந்தே வருவது. ஆகவே அதுவே எனக்கு மிகவும் வலிக்கிறது. "எல்லாம் விதி, தலையில் எழுதியபடி நடந்தது" என்பது அது. விதியை நம்பாதவன் அல்லன் நான். ஆனால் ஹிஜ்ரி 18ஆம் ஆண்டு நடந்ததை நினைவுபடுத்துகிறேன். ஷாம் நாட்டில் அம்வாஸ் கொள்ளைநோய் பரவியிருந்தது. அந்நாட்டின் எல்லை வரை வந்த கலீஃபா உமர் (ரலி) அவர்கள் தோழர்களோடு கலந்து, படையோடு திரும்பிச் செல்ல முடிவெடுத்தார்கள். இறைவனின் விதியை விட்டு ஓடுவதா என்று அபூஉபைதா (ரலி) அவர்கள் வினவியபோது, ஒரு விதியிலிருந்து மற்றொரு விதிக்கே செல்கிறோம், இரண்டும் இறைவனுடையவையே என்ற கருத்தில் கலீஃபா விடை பகர்ந்தார்கள். தூசியும் விதியென்றால் முகமூடியும் விதிதானே? நோயும் எழுத்தென்றால், அதைத் தேடிக் கண்டறிந்து தடுப்பதும் எழுத்துதானே? தடுக்கக்கூடிய நோய்க்குத் தலையெழுத்து என்று பெயரிடுவது பக்தியன்று. முதலாளியின் கணக்கை இறைவன் மேல் எழுதுகின்ற பழி.

முஸ்லிம் ஆட்சிகள் நடந்த நகரங்களில் முஹ்தஸிப் என்றோர் அதிகாரி இருந்தார். கடைத்தெருவில் சுற்றி எடையைப் பார்ப்பார். உணவில் கலப்படம் பார்ப்பார். சுமை தாங்காமல் திணறும் கழுதையைக் கண்டால் நிறுத்திப் பாரத்தை இறக்கச் சொல்வார். கழுதையின் முதுகும் அவருடைய பொறுப்பாக இருந்தது. அத்தகைய மரபிலிருந்து வந்த நாம், பக்கத்துத் தெருத் தொழிலாளியின் நுரையீரல் எவர் பொறுப்பு என்று கேட்காமல் இருக்கலாமா?

ஏதோ அரசு செய்யட்டும் என்று எழுதி முடித்துவிட நான் விரும்பவில்லை. அரசு செய்ய வேண்டியது உண்டு. பட்டாசு, தீப்பெட்டித் தொழிலாளர் அனைவருக்கும் ஆண்டுதோறும் இலவச நுரையீரல் சோதனை வேண்டும். அரசு மருத்துவமனைச் சீட்டில் தொழிலுக்கென்று ஒரு கட்டம் வேண்டும். அலுமினிய நோயும் பேரிய நச்சும் பெயர் சொல்லிப் பட்டியலில் ஏற வேண்டும். இவற்றைக் கேட்போம், உரக்கக் கேட்போம். ஆனால் அரசுக்கு ஒரு காசும் செலவில்லாமல், நாளைக் காலையே நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு.

நம் ஜமாஅத்துக்களில் திருமணப் பதிவேடு இருக்கிறது. பல ஊர்களில் மவுத்துப் பதிவேடும் இருக்கிறது. அதில் பெயர் எழுதுகிறோம், தகப்பனார் பெயர் எழுதுகிறோம், நாள் எழுதுகிறோம். இன்னும் மூன்று கட்டங்களைச் சேர்ப்போம்: என்ன தொழில் செய்தார்? எத்தனை ஆண்டு செய்தார்? கடைசியில் என்ன நோயால் வருந்தினார்? விருதுநகர், சிவகாசி, சாத்தூர், இராஜபாளையம், அருப்புக்கோட்டைப் பள்ளிவாசல்களில் இதைத் தொடங்கினால் போதும்; மற்ற சமயத்தாரின் ஊர்ப் பொதுச் சபைகளும் சங்கங்களும் பின்தொடரத் தயங்கமாட்டா. பத்தாண்டு கழித்து அந்த ஏடுகளை ஒரு மருத்துவக் கல்லூரியின் மேசைமேல் வைப்போம். அலுமினிய நோய் உண்மையிலேயே அரிது என்று அவை சொன்னால், இறைவனுக்கு நன்றி செலுத்துவோம். அரிதன்று என்று சொன்னால், 17 பேரை மறைத்தவர்கள் நீதிமன்றத்தில் நின்ற கதையை இங்கேயும் நடத்திக் காட்டுவோம்.

வீடுகளில் நம் பெண்மணிகளுக்கும் ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டு ஆண்மக்களோ நீங்களோ மருத்துவரிடம் செல்லும்போது அவர் கேட்கவில்லையென்றால் நீங்களே சொல்லுங்கள்: "பட்டாசு ஆபீசில் மருந்துக் கலவை, இத்தனை வருஷம்", "அச்சகத்தில் வேலை", "தோல் ஷெட்டில் வேலை". சீட்டில் அதை எழுதும்படி கேளுங்கள். எழுதாமல் எழுந்திராதீர்கள். அந்த ஒரு வரியால் உங்கள் நோய் உடனே தீராமற் போகலாம். உங்கள் பேரனுக்கு அந்நோய் வராமல் போகலாம்.

சிவகாசித் தாய்மாரின் தாடையைக் காத்தவர்கள் சிவகாசியைக் கண்டதில்லை. அவ்வூரின் பெயரையும் கேட்டதில்லை. எங்கோ ஒரு நகரில் நோயாளிகளை எண்ணினார்கள், எண்ணியதை எழுதினார்கள், எழுதியதை மறைக்க விடாமல் போராடினார்கள். அந்த நன்றிக்கடன் நம்மேல் இருக்கிறது. நாம் எண்ண வேண்டியவர்கள் தொலைதூரத்தில் இல்லை. மாலைப் பேருந்தில், நமக்கு அடுத்த இருக்கையில், மினுக்கும் கையோடு அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள் இருமுவது காதில் விழவில்லையா?